பத்துக்கு ஏழு

பெரியவர் ஆள்காட்டி விரலைத் தூக்கினார். அந்த நேரத்தில் அவர் காதுக்கு எந்தச் சத்தமும் போகவில்லை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் மதினியின் நாற்காலிக்குப் பின்னால் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தேன். மதினி என்றால் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. பாளையங்கோட்டையில் ஒரு காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காது சோதிக்கிற வேலை பார்த்தாள். அவளுக்கு முன்னால் குமிழ்கள் வைத்த ஓர் இயந்திரம். அதற்கு அப்பால் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால், சுவர் முழுக்கப் பஞ்சு வைத்து அடைத்த சின்ன அறையில், பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு நோயாளி. கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

மதினி குமிழைத் திருகினாள், குனிந்தாள், எதையோ அமுக்குவதுபோல் தோளை அசைத்தாள். ஒன்றையும் அமுக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் விரல் மேலே வந்தது. தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைத்தாள். மறுபடியும் அதே நாடகம், மறுபடியும் விரல். மூன்று புள்ளி ஆனதும் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

"பெரியப்பா, இப்ப ஏதாச்சும் கேட்டுதா?"

"கேட்டுது தாயி."

"நெசமாவா?"

பெரியவர் ஹெட்போனைக் கழற்றி, யாரோ கொடுத்து வைத்த பொருளைப்போல மடியில் வைத்துக்கொண்டார். பத்தமடையிலிருந்து பேருந்தில் வந்தவர். "இல்ல தாயி. நீங்களும் இம்புட்டு நேரமா திருகிக்கிட்டு இருக்கிய. ஒண்ணுமே கேக்கலன்னா சங்கடப்படுவியளேன்னுதான் தூக்குனேன்."

நான் சிரித்துவிட்டேன். மதினி சிரிக்கவில்லை. "எனக்கு ஒரு சங்கடமும் இல்ல. கேக்கலன்னா கேக்கலன்னு பேசாம இருங்க. மொதல்லருந்து பாப்போம்" என்று திரும்ப வந்து உட்கார்ந்து, புதுத் தாள் எடுத்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் அந்த நிமிடத்தில்தான் எனக்கு அது தோன்றியது. துபாய் ஒயரை இப்படித்தான் சோதிக்க வேண்டும். மதினியின் கையால் சோதித்து, மதினியின் வாயால் 'உண்டு' என்று வந்துவிட்டால், அப்பாவால் மறுபேச்சுப் பேச முடியாது.

துபாய் ஒயர் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு இருபது வயது, இயற்பியல் இறுதியாண்டு. சென்னைக்குப் போய் ஒலிப்பதிவு படிக்க வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றேன். அப்பாவுக்கு அது ஒரு படிப்பாகவே தோன்றவில்லை. "கல்யாண வீட்டுல குழாய் கட்டுதவனுக்கு எதுக்குலே பட்டம்?" என்பார். என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. எனக்குத் தனிக் காது இருக்கிறது, மற்றவர்களுக்குக் கேட்காதது எனக்குக் கேட்கிறது.

அதற்குச் சாட்சியும் இருந்தது. மேலப்பாளையத்தில் என் கல்லூரித் தோழன் மைதீன், கடைத்தெருவில் ஒரு மாடியில் கேசட் பதிவு செய்யும் கடை வைத்திருந்தான். துபாயில் இருந்த அவனுடைய காக்கா, அதாவது மூத்த அண்ணன், விடுமுறைக்கு வரும்போது ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே போடுகிற ஒரு ஒயரைக் கொண்டுவந்து கொடுத்தார். விரல் பருமன். ஊதா நூலால் பின்னிய மேல்தோல். அதில் சாண் இடைவெளியில் ஓர் அம்புக்குறி. மின்சாரம் அந்தத் திசையில் போனால்தான் இசை விரியும் என்று கூடவே வந்த வழவழப்பான தாளில் போட்டிருந்தது.

ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரம் ஒரு நொடியில் பல நூறு தடவை முன்னும் பின்னும் ஆடுவது. அதற்கு எதற்கு அம்புக்குறி? தேர்வில் கேட்டால் நான்கு பக்கம் எழுதுவேன். எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு மைதீன் பழைய ஒயரைக் கழற்றி இதை மாட்டி ஒரு பியானோ சிடியைப் போட்டபோது, பியானோவுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடந்துபோகலாம் போல இடம் திறந்தது. நான் கேட்டேன். பாடப் புத்தகத்தை என்ன செய்ய?

"கச்சேரி மேடை அப்படியே விரியுதுலே" என்றேன். மைதீனின் காக்கா என் முதுகில் தட்டி, "பாத்தியா, இந்தத் தம்பிக்குக் காது இருக்கு" என்றார். அந்தத் தட்டு இன்னும் முதுகில் இருக்கிறது.

இதை வீட்டில் வந்து அளந்தேன். அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுவிட்டு, "ஒன் மதினிட்ட காதைக் காட்டு. இவனுக்கு விசேஷக் காதுதான்னு அவ சொல்லட்டும், அன்னைக்கே கையெழுத்துப் போடுதேன்" என்றார்.

அப்பா ஊரில் யாரையும் லேசில் நம்பாதவர். மதினியை நம்பியதற்குக் காரணம் தண்ணீர். தாமிரபரணித் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன் என்பது திருநெல்வேலியில் எல்லா ஆண்பிள்ளைகளும் சொல்கிற பேச்சு. அப்பாவும் சொன்னார். மதினி அப்போது கல்யாணமாகி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. "பாத்துருவமா மாமா?" என்று இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அப்பா ஒன்றைக் குடித்தார். இன்னொன்றை வாயில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இது போர் தண்ணி. கரிக்குது."

"ரெண்டும் ஆத்துத் தண்ணிதான் மாமா."

அம்மா மதினியின் முழங்கையைக் கிள்ளினாள். வேறொரு மருமகள் என்றால் ஒன்று அழுதிருப்பாள், இல்லை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு அடுப்படிக்குப் போயிருப்பாள். மதினி, "நாளைக்கு இன்னொரு மட்டம் பாப்பமா?" என்றாள்.

மறுநாள் ஐந்து தம்ளர். எது எதுவென்று ஒரு துண்டுத் தாளில் எழுதி இடுப்பில் செருகியிருந்தாள். அப்பா ஒவ்வொன்றாக, பேசாமல், நிதானமாகக் குடித்தார். ஐந்தும் சரி.

"மாமாவுக்குத் தெரியுது" என்றாள் மதினி, தாளைப் பிரித்துக்கொண்டே.

"நேத்து தெரியலயே?" என்று அம்மா குத்தினாள்.

"நேத்து, ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா போர் தண்ணியா இருக்கும்னு நெனச்சுக்கிட்டுக் குடிச்சாவ. இன்னைக்கு நாக்கால குடிச்சாவ."

அன்றிலிருந்து மதினி சொன்னால் அப்பாவுக்கு அது கல்லில் செதுக்கியது. மதினியோ லேசில் ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் அவளோடு பெரிய தொல்லை. 'உண்டு' என்றும் வராது, 'இல்லை' என்றும் வராது. 'இருக்கலாம், பாப்போம்' என்றுதான் வரும். அம்மா ரசம் வைத்து "எப்படி இருக்கு?" என்றால், "இன்னைக்கு நல்லாருக்கு" என்பாள். "ஒரு வார்த்தை மனசாரச் சொல்லுதாளா பாரு, இன்னைக்காம் இன்னைக்கு" என்று அம்மா என்னிடம் வந்து புலம்புவாள். ஜோசியர் சொன்னதை நம்புகிறாயா என்று பக்கத்து வீட்டில் கேட்டால், "அவர் சொன்ன நாலு விசயத்தை எழுதி வச்சிருக்கேன், பாக்கணும்" என்பாள். நம்புகிறவர்களுக்கும் அவளைப் பிடிக்காது, நம்பாதவர்களுக்கும் பிடிக்காது.

ஒரு தடவை ஒரு பேருந்து நடத்துநர் காது கேட்கவில்லை என்று சான்றிதழுக்கு வந்திருந்தாராம். இரண்டு கேள்வி கேட்டுவிட்டு மருத்துவர், "நடிக்கான், அனுப்பிவிடு" என்றிருக்கிறார். மதினி அனுப்பவில்லை. மூன்று நாள் வரவழைத்தாள். மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டில் சொன்னாள்: "எடது காது நெசமாவே போயிருச்சு. ஒரு காது மட்டும்னா நம்ப மாட்டாவன்னு வலதுக்கும் சேத்து நடிச்சிருக்காரு. நடிச்சதும் நெசம், கேக்காததும் நெசம்."

அண்ணன், "அப்ப அவன் பொய்யனா இல்லையா?" என்று கேட்டான்.

"எடது காது கேக்காது. அதுதான் தெரியும்."

அண்ணன் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோனான். இப்படிப்பட்ட ஒருத்தியிடம்தான் என் சென்னை இருந்தது.

முதலில் காதைச் சோதித்தாள். பஞ்சு அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. இரண்டும் தாளின் மேல்பகுதியில் சமர்த்தாக வரிசைகட்டி நின்றன.

"எப்படி மதினி?"

"நல்ல காது."

"விசேஷமா?"

"குறை ஒண்ணும் இல்லாத காது, கொழுந்தனாரே. ரோட்டுல போறவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு இருக்குத காது." கொழுந்தனாரே என்று அவள் நீட்டினால் கேலி என்று அர்த்தம். "ஒயரு கேக்குதான்னு இந்த மிஷினுக்குத் தெரியாது. அங்கன போய்த்தான் பாக்கணும்."

அதுதானே எனக்கும் வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை என்று வைத்தோம். மேலப்பாளையத்தில் மற்ற நாள் என்றால் கடைக்குப் பின்னால் தறிச் சத்தம் ஓயாது. வெள்ளிக்கிழமை தறி நிற்கும். மதினி அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டாள். விண்ணப்பம் சென்னைக்குப் போய்ச் சேர வேண்டிய கடைசி நாள் அதற்கடுத்த புதன்கிழமை.

ஜும்மா தொழுகை முடிந்து மைதீன் கடையைத் திறந்தான். எதிரொலி அடங்குவதற்காகச் சுவரெல்லாம் பத்தமடைப் பாய் மாட்டியிருந்தான். மதினி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிடிகளின் ஓரத்தில் மைதீன் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் தீட்டி வைத்திருந்தான். அப்படித் தீட்டினால் ஒளி உள்ளே சிதறாது, சத்தம் துலங்கும் என்று ஏதோ ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வந்திருந்தது. மதினி சிரிப்பாள் என்று நான் பயந்தேன்.

"பச்சைதான் போடணுமா? மஞ்ச போட்டுப் பாத்தியளா?" என்றாள்.

மைதீனுக்கு முகம் மாறிவிட்டது. "அதுல பச்சைன்னுதான் மதினி போட்டுருக்கு."

"மஞ்ச போடக்கூடாதுன்னு போட்டுருக்கா?"

"அப்படியும் போடல."

"அப்ப ஒண்ணுல மஞ்ச போட்டு வைங்க. ஒண்ணைச் சும்மா விடுங்க. பின்னால ஒரு நாளு பாப்போம்."

இதில் கேலி ஒரு பொட்டுக்கூட இல்லை. அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது. கேலி செய்தால் சண்டை போடலாம்.

இரண்டு பாயை எடுத்து அறைக்குக் குறுக்கே கொடி கட்டித் தொங்கவிட்டாள். இந்தப் பக்கம் நானும் ஸ்பீக்கரும். அந்தப் பக்கம், தரையில் போட்ட அகலப் பலகைமேல் ஆம்ப்ளிஃபயரும் ஒயர்களும் அவளும். ஒன்று துபாய் ஒயர், இன்னொன்று வீட்டு மின்விளக்குக்கு இழுக்கிற சாதாரண ஒயர். பத்துத் தடவை. எந்தத் தடவை எது என்பதை வீட்டிலேயே காசு சுண்டிப்போட்டு எழுதிவந்திருந்தாள். ஒவ்வொரு தடவையும், மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், முழுசாகக் கழற்றி முழுசாக மாட்டினாள். நான் 'புதுசு' அல்லது 'பழசு' என்று சொல்ல வேண்டும்.

எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் தடவையிலேயே மேடை விரிந்தது. "புதுசு" என்றேன். இரண்டாவது கொஞ்சம் மங்கல். "பழசு." ஐந்தாவதில் பியானோக்காரர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. மைதீன் மூலையிலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தான். அவனுக்கும் எது எதுவென்று தெரியாது என்பது அப்போது என் மூளைக்கு ஏறவில்லை.

பத்து முடிந்ததும் மதினி பாயை ஒதுக்கிக்கொண்டு வந்தாள்.

"அஞ்சு சரி."

"பத்துக்கா?"

"பத்துக்கு அஞ்சு. மேடை விரியுதுன்னு சொன்னியல்லா, அதுல நாலு தடவை ஓடுனது பழைய ஒயரு."

என் காது சுட்டது. மைதீன்தான் முதலில் பேசினான். "அதெப்படி மதினி? எங்க காக்கா துபாயிலருந்து சொமந்துக்கிட்டு வந்துருக்காருல்லா. கேக்காம எப்படி இருக்கும்?"

"கேக்காதுன்னு நான் சொல்லல. இன்னைக்கு இவங்களுக்கு அஞ்சுன்னு வந்துருக்கு."

"உங்களுக்குக் கேக்குதா பாருங்க அப்ப" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். அவள் உடனே என் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது பாய்க்கு அந்தப் பக்கம் நான். எது எது என்று நானே புதிதாகக் காசு சுண்டி எழுதிக்கொண்டு, அவசர அவசரமாகப் பத்துத் தடவை. மாற்ற வேண்டிய தடவையில் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் நடந்துபோய் மாற்றினேன். மாற்ற வேண்டாத தடவையில் கையை மட்டும் ஆட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். தாளை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

"ஒம்போது" என்றேன். "பத்துக்கு ஒம்போது மதினி."

மைதீன் துள்ளி எழுந்தான். "நான் சொன்னேம்லா. மதினிக்குத் தங்கக் காதுல்லா."

காசு சுண்டி ஒருவருக்கு ஒன்பது விழ வேண்டும் என்றால் நூறு பேர் ஆளுக்குப் பத்துத் தடவை சுண்ட வேண்டும். கணக்கு எனக்கு அங்கேயே ஓடியது. ஒயர் உண்மை. என் காது இல்லாவிட்டால் போகிறது, ஒயர் உண்மை. உண்மையான ஒன்றை இன்றைக்கு நான் தவறவிட்டேன், அவ்வளவுதான். பழகினால் பிடித்துவிடலாம். அப்பாவிடம் அதைச் சொன்னால் போதும். சென்னை மறுபடியும் கண்ணுக்குத் தெரிந்தது.

மதினி எழுந்திருக்கவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு மட்டம் செய்யுங்க. ஆனா பாட்டைப் போடாதிய."

"என்னது?"

"ஒயரை மாத்துங்க, மாத்தாம இருங்க, இப்ப செஞ்ச மாதிரியே. பாட்டு மட்டும் வேண்டாம்."

பைத்தியக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டே, மறுபடியும் காசு சுண்டிச் செய்தேன். ஒரு சத்தமும் இல்லாத அறையில் அவள், "புதுசு... புதுசு... பழசு..." என்று சொல்லிக்கொண்டே போனாள். பத்துக்கு எட்டு.

"நீங்க நடக்கும்போது அந்தப் பலகை கிரீச்சுங்குது, கொழுந்தனாரே. மாத்தாதப்ப நீங்க நடக்கல. எனக்கு ஒயரு கேக்கல. உங்க காலு கேட்டுருக்கு." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. தங்கக் காதைக் கழற்றிக் கீழே வைப்பதில் யாருக்கு இப்படிச் சந்தோஷம் வரும்?

"அப்ப ஒயர் பொய்" என்றேன். எனக்கு ஏதாவது ஒன்று வேண்டும். இரண்டில் ஏதாவது ஒன்று.

"அதை எப்ப பாத்தோம்? இனிமதான் பாக்கணும்."

ஆம்ப்ளிஃபயரைப் பலகையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தோம். இந்தத் தடவை ஒவ்வொரு முறையும் முழுசாகக் கழற்றி மாட்டச் சொன்னாள். பைய, ஒரே நிதானத்தில். பத்துத் தடவை. முடியும்போது வெளியே வெயில் சாய்ந்துவிட்டது.

ஏழு.

ஏழு என்றால் என்ன? ஒன்பது என்றால் கொண்டாடலாம். ஐந்து என்றால் தூக்கிப் போடலாம். காசு சுண்டினாலே ஆறு பேரில் ஒருவருக்கு ஏழோ அதற்கு மேலோ விழும். ஏழை வைத்து மனிதன் என்ன செய்வான்?

"உண்டா, இல்லையா மதினி?"

"தெரியல."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"ஏழுன்னு வந்துருக்கு. ஏழுன்னு சொல்லுதேன். இன்னும் ஒரு நாப்பது மட்டமாவது பாத்தாத்தான் சொல்ல முடியும். அடுத்த வெள்ளிக்கிழமை வருவமா?"

மஃரிப் பாங்கு கேட்டது. மைதீன் தொழுகைக்குக் கிளம்பினான். நாங்கள் பேருந்துக்கு நடந்தோம். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் புதன்கிழமை வருகிறது என்று நான் சொன்னேன். அவள், "ஆமா, அது ஒண்ணு இருக்கு" என்றாள். உண்மையிலேயே வருத்தத்தோடுதான் சொன்னாள்.

அன்று சாப்பிடும்போது அப்பா கேட்டார். "என்ன தாயி, இவனுக்கு அந்தக் காது இருக்கா?"

"காதுல குறை ஒண்ணும் இல்ல மாமா."

"அது தெரியும். விசேஷமா ஏதாச்சும்?"

நான் மதினியைப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். ஒரு தலையாட்டல் போதும்.

"பத்துக்கு அஞ்சு சொன்னாவ. அது குருட்டாம்போக்குல சொன்னாலும் வரும்."

"அப்ப இல்லன்னு சொல்லுத?"

"இல்லன்னு சொல்ல முடியாது மாமா. ஒரு ஒயரு, ஒரு நாளுதான பாத்துருக்கு."

"படிக்க அனுப்பலாமா, வேண்டாமா? நீ சொல்லு."

"அதுக்கு என்கிட்ட மிஷின் இல்ல மாமா."

அப்பா விண்ணப்பத்தை மடித்துப் பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்தார். பேச்சு அதோடு முடிந்தது.

அடுப்படிக்குள் போய்ச் சண்டை பிடித்தேன். "ஒரு வார்த்தை சொல்லிருந்தா என்ன மதினி? உங்களுக்கு என்ன குறைஞ்சிரும்?"

"எந்த வார்த்தை?"

"இருக்குன்னு."

பாத்திரத்தைக் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நாளைக்கு ஒருத்தருக்குக் கேக்குதுன்னு எழுதிக் குடுத்து அனுப்பிரலாம். சந்தோஷமாத்தான் போவாரு. பின்னால வண்டி வார சத்தம் அவருக்குக் கேக்குமா?"

"இது அதுவா? நான் என்ன வண்டில அடிபட்டுருவேனா?"

"தெரியல கொழுந்தனாரே. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

அவளோடு மூன்று வாரம் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில், "போவமா? லீவு சொல்லிட்டேன்" என்று வந்து நின்றாள். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. மறுவருடம் அண்ணனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து இரண்டு பேரும் போய்விட்டார்கள். அந்த ஏழு, ஏழாகவே நின்றுவிட்டது. நாற்பது தடவை பார்த்திருக்கலாம். நான்தான் போர்வைக்குள் இருந்தேன்.

நான்கு வருடமாகத் தனிப்பயிற்சி நிலையம் ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன். மைதீன் கடைக்குப் போகாத வாரம் இல்லை. அவன் காக்கா ஒவ்வொரு விடுமுறைக்கும் ஏதாவது கொண்டுவருகிறார். ஆம்ப்ளிஃபயருக்குக் கீழே வைக்க மரக்கூம்பு. மேலே வைக்க ஒரு கறுப்புக் கல். போன மாதம் வந்தது, ஒயரைத் தரையில் படாமல் தாங்குகிற பீங்கான் குதிரைகள். முன்பென்றால் நான் கண்ணை மூடி ரசித்திருப்பேன். அல்லது எங்கள் கல்லூரிப் பேராசிரியர்களைப்போல, ஒரு சமன்பாட்டைச் சொல்லிச் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். இரண்டுமே சுகமான வேலைகள். மதினி இரண்டையும் கெடுத்துவிட்டாள். இப்போது மரக்கூம்பைக் கண்டால் பாயை எடுத்துக் கொடியில் போடத்தான் கை போகிறது. மரக்கூம்பு பத்துக்கு நான்கு. கறுப்புக் கல் இருபதுக்குப் பதினொன்று. பீங்கான் குதிரைகள் இன்னும் பாக்கி. "நீயும் ஒங்க மதினி மாதிரி ஆயிட்டலே, ஒன்னைய வச்சு ஒரு சந்தோஷமும் கெடையாது" என்கிறான் மைதீன். வாடிக்கையாளர் இருக்கும்போது என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

மஸ்கட்டிலிருந்து மதினி அம்மாவுக்கு எழுதுகிற கடிதத்தின் அடியில் எனக்கு ஒரு வரி இருக்கும். 'கொழுந்தனார் நலமா? மஞ்சள் போட்ட சிடி என்ன ஆச்சு?' நான் பதில் எழுதியதில்லை. மஞ்சளும் பச்சையும் சும்மா விட்டதும் எல்லாம் ஒன்றுதான் என்று வந்தது. ஆனால் பதினாறு தடவைதான் பார்த்திருக்கிறேன். அதை வைத்து அவளுக்கு எழுத முடியுமா?

போன மாதம் அந்த ஒலிப்பதிவுப் படிப்புக்கு வயது வரம்பில் இது கடைசி வருடம் என்று தெரிந்தது. விண்ணப்பத்தை வாங்கிப் பூர்த்தி செய்து அப்பாவின் முன்னால் வைத்தேன்.

"ஒனக்கு விசேஷக் காதுன்னு இப்ப யாருலே சொன்னா?"

"யாரும் சொல்லல. சாதாரணக் காதுதான் அப்பா. இதை வச்சுக்கிட்டுப் போய்ப் பாக்கேன்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "இதை அன்னைக்கே நீ சொல்லிருந்தா அன்னைக்கே அனுப்பிருப்பேம்லே. தங்கக் காது, மேடை விரியுதுன்னு குதிச்சா எவன் அனுப்புவான்?" என்றபடி கையெழுத்துப் போட்டார்.

நான்கு வருடம். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. முதலில் மதினியைத்தான் திட்டினேன், பழக்கதோஷம்.

திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு. முந்திப் போய்வந்தவர்கள் சொல்கிறார்கள்: இரண்டு பதிவுகளைப் போட்டு எது தெளிவு என்று கேட்பார்களாம். சில சமயம் ஒரே பதிவை இரண்டு தடவை போடுவார்களாம். எதிரே மூன்று பேர் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிப் பார்க்கப் போகிறேன். கேட்க எளிதாக இருக்கிறது. ஒரு வாரமாக மைதீனை வைத்துப் பழகுகிறேன். நேற்று சாயங்காலம் அவன் ஒரே பாட்டை இரண்டு தடவை ஓட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். இரண்டாவது கொஞ்சம் துலக்கம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இன்னும் மூன்று நாள் இருக்கிறது.